கவுன்சிலிங்குக்கு எடுத்திருக்கோம்

இந்துமதி வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் அவளுக்கென்று ஓர் அறையை ஒதுக்கி, கதவில் ‘கவுன்சிலிங் அறை’ என்று எழுதி மாட்டியிருந்தார்கள். எழுதியவன் நல்ல கையெழுத்துக்காரன்தான். ஆனால் நம் பக்கத்தில் கவுன்சிலிங் என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு இன்ஜினியரிங் சீட் கொடுப்பது கவுன்சிலிங். அரசாங்க வாத்தியாருக்கு ஊர் மாற்றல் கொடுப்பதும் கவுன்சிலிங். மனசில் பாரத்தோடு வருகிற ஒருவரை உட்காரவைத்துப் பேசுவதற்கும் அதே பெயர்தான் என்பது புதுக்கோட்டையில் எத்தனை பேருக்குத் தெரியும்? கதவைத் திறந்தவர்களில் பாதிப்பேர், “மேடம், எந்த காலேஜ்ல எடம் காலியா இருக்கு?” என்றுதான் ஆரம்பித்தார்கள். ஒரு அப்பா, பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் தன் மருமகனுக்குத் திருமயத்துக்குள்ளேயே மாற்றல் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு, கிடைக்காது என்றதும் அவளை முறைத்துக்கொண்டு போனார்.

அறையும் லட்சணமான அறை இல்லை. அதுவரை ஆண்டுவிழாச் சாமான்கள் போட்டுவைத்த இடம். ஜிகினாக் கிரீடங்களையும் பேண்டு வாத்தியத்தையும் எடுத்துப்போனவர்கள் தெர்மகோல் யானை ஒன்றை மட்டும் தூக்கச் சோம்பல்பட்டு மூலையிலேயே விட்டுவிட்டார்கள். முதுகலை வரை உளவியல் படித்தவள், தும்பிக்கை ஒடிந்த அந்த யானைக்கு எதிரே உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள்.

அவள் திருவரங்குளத்துக்காரி. அப்பா பெரியண்ணன் ரேஷன் கடையில் எடை போடுகிறவர். மகள் கணக்கு படித்து, பி.எட். முடித்து, வாத்தியாரம்மாவாகிக் கண்ணுக்கு எதிரே நடமாடினால் போதும் என்று இருந்தவர். பி.எட்.டில் கல்வி உளவியல் என்று ஒரு தாள் உண்டு. எல்லோரும் பரீட்சைக்கு முந்தின நாள் கைடை வாங்கி, தடித்த எழுத்தில் இருப்பதை மட்டும் விழுங்கிவிட்டுப் போகிற தாள். இந்துமதி அதைப் பாடப்புத்தகத்திலேயே படித்தாள். படித்துக்கொண்டு வந்தவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள்.

அவளுடைய தெருவில் ஒரு பெண் இருந்தாள், அர்ச்சனா என்று. ‘பலகை’ என்று எழுதிப்போட்டால் ‘பகலை’ என்று வாசிப்பாள். ‘தலைநகரம்’ அவள் வாயில் ‘தலைகநரம்’ ஆகிவிடும். மற்றபடி படு சூட்டிகை. கடையில் நாலு சாமான் வாங்கி மீதிச் சில்லறை என்னவென்று அவள் சொல்லி முடிக்கும்போதுகூடக் கடைக்காரர் விரலை மடக்கி முடித்திருக்க மாட்டார். அவளை அடித்தார்கள். வல்லாரைக் கீரையை அரைத்து ஊற்றினார்கள். கையில் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். ஸ்கேலால் புறங்கையில் அடித்த வாத்தியார், “இது மண்டையில களிமண்ணுதான் இருக்கு” என்று வகுப்பு முழுக்கச் சிரிக்கும்படி சொன்னார். கடைசியில் பள்ளிக்கூடத்தை நிறுத்தி ஜவுளிக்கடையில் சேலை மடிக்க அனுப்பினார்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன கோளாறு, அதற்கு என்ன செய்யலாம் என்பதெல்லாம் இந்துமதியின் கையிலிருந்த புத்தகத்தில் அரைப்பக்கமாக இருந்தது. இந்த அரைப்பக்கத்தை அந்த வாத்தியாரும் படித்துத்தானே பி.எட். வாங்கியிருப்பார்? படித்துவிட்டா ஸ்கேலை எடுத்தார்? அன்றைக்கு அவளுக்கு வந்தது ஆர்வமல்ல, ஆத்திரம். அந்த ஆத்திரத்தில்தான் கல்வி உளவியலில் முதுகலை படிக்கப் போனாள்.

பல்கலைக்கழகத்தின் விவரப் புத்தகத்தைப் பார்த்தால் சொர்க்கம்தான். ஓராண்டு டிப்ளமோ வேண்டுமா, இருக்கிறது. இரண்டாண்டு முதுகலை வேண்டுமா, இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் விருப்பப் பிரிவுகள் மூன்று: பள்ளி ஆலோசனை, தேர்வும் அளவீடும், கற்றல் குறைபாடு. அதற்கு மேல் முனைவர் பட்டம், முழுநேரமாகவும் பகுதிநேரமாகவும். வழவழப்பான தாளில், மரத்தடியில் சிரிக்கிற மாணவர்களின் படத்தோடு அச்சடித்திருந்தார்கள். நேரில் போனபோதுதான் தெரிந்தது, எல்லாரும் அளவீட்டுப் பிரிவையே எடுக்கிறார்கள் என்று. அதில் வினாத்தாள் லேசு. போன வருஷத்துக் கேள்வியே இந்த வருஷமும் வரும். கற்றல் குறைபாடு கேட்டது இந்துமதியும் இன்னொரு பெண்ணும்தான்.

துறை அலுவலகத்தில் இருந்தவர் சலித்துக்கொண்டார். “ரெண்டு பேருக்கெல்லாம் ஒரு பிரிவ நடத்த முடியாதும்மா. அது சும்மா புக்குல இருக்கட்டும்னு போட்டது. இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவங்க கேப்பாங்கள்ல.”

பிள்ளைகள் எழுத்துக் கூட்ட முடியாமல் அடிபடுகிறார்கள். அவர்களுக்காக ஏற்பட்ட படிப்பு, ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வைத்திருக்கிற அலங்காரப் பொம்மை. இரண்டு பெண்களும் துறைத்தலைவர் திலகவதியின் அறை வாசலில் போய் நின்றார்கள். மறுநாளும் நின்றார்கள். அந்தம்மா நல்லவரா கெட்டவரா என்று இன்றுவரை இந்துமதிக்குத் தெரியாது. வாசலில் ஆள் நிற்பது பார்க்க நன்றாக இல்லை என்பதற்காகச் சம்மதித்தார். பாடம் நடத்த ஒருவரை நியமித்தார்கள். அவர் தலைகாட்டினால் அதிசயம். மற்றதெல்லாம் நூலகத்திலும், கைவிடப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு பாதிரியார் நடத்திய சிறப்புப் பள்ளியிலும் அவளாகக் கற்றுக்கொண்டது. ஊருக்கு வந்தால் சொந்தக்காரர்கள், “பைத்தியத்துக்குப் படிக்கிறியாமே” என்று விசாரித்தார்கள். பெரியண்ணன் மட்டும், “டீச்சர் வேலைதாங்க, கொஞ்சம் பெருசு” என்று சமாளித்துவந்தார்.

படிப்பு முடிந்து, இந்தப் பள்ளியின் தாளாளர் ராம்நாத் நேர்முகத்துக்கு அழைத்தபோது அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். வெளியூரில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு, அப்பாவுக்குப் பிறகு பள்ளியை எடுத்து நடத்த வந்தவர் அவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. குரலும் அப்படித்தான், ஒருநாளும் உயராது.

“ஒவ்வொரு பிள்ளையும் முக்கியம் எங்களுக்கு. நைன்த்லேர்ந்து ஆரம்பிங்க. யார் யாருக்குப் படிப்பு வரலைன்னு சயின்டிஃபிக்கா கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. மத்தத நாங்க பாத்துக்கிறோம்” என்றார்.

‘மத்தத நாங்க பாத்துக்கிறோம்.’ அந்த வாக்கியத்தை அவள் ஆதரவாக எடுத்துக்கொண்டாள். பள்ளி வாசலில் வீட்டு உயரத்துக்குப் பேனர் கட்டியிருந்தார்கள், பத்தாம் வகுப்பில் தொடர்ந்து நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று. தோற்கிற பிள்ளையே இல்லாத பள்ளிக்கூடம் எப்படி உண்டாகும் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. தோற்கக்கூடியவர்களை ஒன்பதாம் வகுப்போடு கழற்றிவிட்டால் உண்டாகும். அவ்வளவுதான் வித்தை.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துப் பரிசோதித்தாள். அப்படி வந்தவள்தான் இர்ஃபானா. கோட்டைப்பட்டினத்துப் பெண். அவளுடைய அத்தா ஜமால் முகமது சவுதியில் டிரைவர். மகளை நல்ல பள்ளியில் படிக்கவைக்க வேண்டும் என்று அம்மா ரஹீமா பீவி ஊரை விட்டுப் புதுக்கோட்டை மச்சுவாடியில் வாடகை வீடு பிடித்து வந்திருந்தார். இர்ஃபானாவிடம் அறிவியலில் எதைக் கேட்டாலும் வாயால் பதில் சொன்னாள். மழை எப்படி உருவாகிறது என்று கேட்டால், கடலோரத்துப் பிள்ளையாதலால் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பது வரை சேர்த்துச் சொன்னாள். தாளை நீட்டினால் முகம் செத்துப்போயிற்று.

“இது பரீட்சை இல்லம்மா. எனக்கும் ஒனக்கும் மட்டும்தான். வரலைன்னா வரலைன்னு சொல்லு” என்றாள் இந்துமதி.

பெண் தாளில் விரலை வைத்து நகர்த்திப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “எழுத்து நிக்க மாட்டேங்குது மிஸ். இடம் மாறிக்கிட்டே இருக்கு. யார்கிட்டயும் சொன்னதில்ல. பக்கத்துல இருக்கிறவள பாத்து எழுதிருவேன்.”

சொல்லிவிட்டு அழுதாள். அழுது முடித்த பிறகு அவள் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்தபோது, தான் படித்த படிப்புக்கு இன்றைக்குத்தான் பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று இந்துமதிக்குத் தோன்றியது. ஏனென்றால் வழி இருக்கிறது. மருத்துவர் சான்று வாங்கி, பள்ளி விண்ணப்பித்தால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும். அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆளும் கிடைக்கும். வாயால் அத்தனையும் சொல்கிற பெண் சுலபமாகப் பாஸ் பண்ணிவிடுவாள். இதையெல்லாம் விளக்கமாக எழுதி, பரிந்துரையும் சேர்த்துத் தாளாளரிடம் கொடுத்தாள்.

“எக்ஸலண்ட். பேரண்ட்டக் கூப்பிட்டு அப்ளிகேஷன்ல கையெழுத்து வாங்கிருவோம்” என்றார் அவர்.

என்ன அப்ளிகேஷன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

முழுப்பரீட்சை முடிந்ததும் அலுவலகத்திலிருந்து ரஹீமா பீவிக்குப் போன் போயிற்று. “ஒங்க பொண்ண கவுன்சிலிங்குக்கு எடுத்திருக்கோம். ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க.” இந்த இரண்டு வாக்கியங்களில் பொய் என்று ஒரு சொல்கூட இல்லை. அதுதான் அதில் உள்ள ஈனத்தனம்.

ரஹீமா பீவிக்குத் தெரிந்த கவுன்சிலிங் ஒன்றே ஒன்று. அவருடைய அண்ணன் மகன் ராஜா முகமதுவுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங் வந்தபோது குடும்பமே வேன் பிடித்துப் போய்வந்தது. சீட் கிடைத்ததும் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார்கள். கவுன்சிலிங்குக்கு எடுப்பது என்றால் தேறிவிட்டாள் என்று பொருள், ஒரிஜினல் கேட்டால் இடம் உறுதி என்று பொருள். மறுநாள் காலையில் புதுப் புர்கா போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா நிறையத் தம்ரூட் செய்து எடுத்துக்கொண்டு வந்தார். ரவையும் முட்டையும் நெய்யுமாக, மேலே முந்திரி பதித்து, பதமாக வேகவைத்த பலகாரம். கதவில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு நேரே இந்துமதியின் அறைக்குள் நுழைந்தார்.

“அஸ்ஸலா... வணக்கம் டீச்சர். இர்ஃபானா அம்மா. கவுன்சிலிங் இங்கிட்டுத்தான? எந்த குரூப்பு குடுக்கிறீங்க? அவுக அத்தா டாக்டர் குரூப்பு கேக்கச் சொன்னாக.”

இந்துமதிக்கு முதலில் புரியவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. அவள் உட்காரச் சொல்லி, இது அந்தக் கவுன்சிலிங் இல்லை என்றும், பெண்ணுக்கு வாசிப்பதில் ஒரு சிரமம் இருக்கிறது, அதற்கு அரசாங்கத்திலேயே வசதி உண்டு என்றும் தன்னால் முடிந்த மட்டும் விளக்கினாள். அந்தம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். சந்தோஷமாக வந்தவர் காதில் எது ஏறும்? வசதி என்ற சொல் மட்டும் ஏறியிருக்க வேண்டும்.

“அப்ப நல்லதுதான டீச்சர்?”

“நல்லதுதாம்மா. ஆபீஸ்ல ஒரு கையெழுத்துக் கேப்பாங்க. போட்டுட்டு வாங்க” என்று இந்துமதியே அனுப்பிவைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் முதல்வர் அமிர்தவல்லி ஒரு தட்டில் தம்ரூட் துண்டுகளோடு வந்தார். மேல் உதட்டில் நெய் மினுங்கியது. “எடுத்துக்கங்க இந்து. பாய் வீட்டுப் பலகாரம், வாயில போட்டா கரையுது.” இந்துமதி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். உண்மையிலேயே நன்றாக இருந்தது.

“பாவம், நல்ல மனுஷி. ஒரு வார்த்த மறுத்துப் பேசல. கையெழுத்துப் போட்டுட்டு நன்றி வேற சொல்லிட்டுப் போகுது. டிசி வாங்குறதுக்கு ஸ்வீட்டோட வந்த பேரண்ட்ட இப்பத்தான் பாக்குறேன்” என்றார் அமிர்தவல்லி.

வாயில் இருந்ததை இந்துமதியால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கையெழுத்து வாங்கியது விண்ணப்பத்தில்தான். மகளைப் பள்ளியிலிருந்து விடுவித்து மாற்றுச் சான்றிதழ் தரும்படி, சொந்த விருப்பத்தின் பேரில், தாயார் ஆங்கிலத்தில் கேட்டுக்கொள்ளும் விண்ணப்பம். அந்தத் தாயார் செய்துகொண்டுவந்த பலகாரத்தை அவரை ஏமாற்றிய மேசையிலேயே வைத்து அத்தனை பேரும் தின்றிருக்கிறார்கள். எழுத்தர், முதல்வர், தாளாளர், பியூன், இப்போது அவளும். எழுந்து குழாயடிக்கு ஓடினாள். வெளியே வந்தது கொஞ்சம்தான். நெய்வாசம் மட்டும் வாயைவிட்டுப் போகவே இல்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு நேராக ராம்நாத்திடம் போனாள்.

“சார், டிசி அப்ளிகேஷன்ல கையெழுத்து வாங்குனீங்களாமே. நான் அதுக்கா எழுதிக் குடுத்தேன்?”

“நீங்க என்ன எழுதுனீங்களோ அதத்தாம்மா நான் படிச்சேன். கற்றல் குறைபாடுன்னு எழுதியிருக்கு.”

“அதுக்குக் கீழ வழியும் எழுதியிருக்கேன் சார்.”

“பாத்தேன். ஆள் வச்சு எழுதவச்சா ரிசல்ட்டப் பாக்குறவங்க என்ன சொல்வாங்க? காப்பி அடிச்சாங்கம்பாங்க. எதுக்கு நமக்கு? அந்தப் பிள்ளைக்கு ஏத்த ஸ்கூல் வேற எங்கயாவது இருக்கும்.”

“அந்தம்மாவுக்கு எதுல கையெழுத்துப் போட்டோம்னே தெரியாது.”

“கவுன்சிலிங் குடுத்துட்டுத்தான அனுப்புனோம்? நீங்கதான குடுத்தீங்க?” அவர் குரல் உயரவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். “நீங்க திறமையான பொண்ணு. பிஎச்டி பண்ணணும்னு சொன்னீங்கள்ல? பார்ட் டைம்ல பண்ணுங்க, கல்வி உளவியல்லயே. என்ஓசி நான் தர்றேன். நூறு சதவீதத் தேர்ச்சிக்கு உளவியல் உத்திகள்னு ஒரு டாபிக் எடுங்க. நம்ம பிள்ளைங்களையே டேட்டாவா எடுத்துக்கங்க. யுனிவர்சிட்டில எனக்கு ஆள் இருக்கு.”

பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு வேலை கொடுத்தவரின் தடையின்மைச் சான்று வேண்டும். அதையும் மனசில் வைத்துத்தான் இந்த வேலைக்கு வந்திருந்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ என்று போட்டுப் பார்த்துக்கொண்டாள். அன்றைக்கு நடந்த அத்தனையிலும் அவளுக்குப் பெரிய அருவருப்பைக் கொடுத்தது அந்தக் கணம்தான். நாற்காலியில் உட்காராமலே, நாளையிலிருந்து வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நேரே மச்சுவாடிக்குப் போனாள். ரஹீமா பீவி வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். நடந்ததைச் சொன்னபோது முதலில் சிரித்தார். டீச்சர் விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்போல. பிறகு அலுவலகத்தில் கொடுத்த நகலை எடுத்து நீட்டினார். இந்துமதி அதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள். சொந்த விருப்பத்தின் பேரில் என்ற இடத்தில் அந்தம்மா அவள் கையை விட்டுவிட்டார்.

“அவ அத்தாவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேனே டீச்சர். ரூம்ல இருக்கிற எல்லாத்துக்கும் பிரியாணி வாங்கிக் குடுத்தாகளாம். எம் மவ சீட்டு வாங்கிட்டாள்னு.”

இர்ஃபானா கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்துமதியைத்தான் பார்த்தாள். அழவில்லை.

மறுநாள் பள்ளியில் ரஹீமா பீவியை வாசலைத் தாண்ட விடவில்லை. கையெழுத்து உங்களுடையதுதானே என்று கேட்டனுப்பினார்கள். ஆமாம் என்று சொல்வதைத் தவிர அவரால் என்ன சொல்ல முடியும்? கல்வி அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள். அங்கே இருந்தவரும் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கவுன்சிலிங் எல்லாம் குடுத்து முறையாத்தானே பண்ணியிருக்காங்க” என்றார். இந்துமதிக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே வாயில் அந்த நெய்வாசம் வந்துவிடும். கடைசியில் அரசுப் பெண்கள் பள்ளியில்தான் சேர்த்தார்கள். தலைமையாசிரியை ஒரு கேள்வியும் கேட்காமல் பத்தாம் வகுப்பில் உட்காரவைத்தார்.

இந்துமதி திருவரங்குளத்துக்குத் திரும்பி வீட்டிலேயே டியூஷன் எடுத்தாள். பெரியண்ணன் ஏன் வேலையை விட்டாய் என்று ஒருநாள் கேட்டார். சொன்னாள். அவர், “காறித் துப்பிட்டாவது வந்திருக்கலாம்ல” என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் இர்ஃபானாவை அவள் விடவில்லை. பொதுத்தேர்வில் எழுத ஆள் வேண்டுமென்றால் மருத்துவர்களின் சான்று வேண்டும். ஆடி மாதத்தில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் மதிப்பீட்டு முகாம் போட்டார்கள். அதற்கு வேண்டிய தாள்களையெல்லாம் அவளே அலைந்து தயார் செய்தாள். ரஹீமா பீவிக்கு அரைமனசு. குறைபாடு என்று சர்க்கார் முத்திரையோடு ஒரு தாள் வாங்கிவிட்டால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள் என்று பயந்தார். முத்திரை இல்லாவிட்டால் பத்தாவதே தாண்டமாட்டாள் என்று இந்துமதி கெஞ்சித்தான் கூட்டிவந்தாள்.  இர்ஃபானா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

கூட்டம் வராண்டாவைத் தாண்டி வெயிலில் நின்றது. தவழ்கிற பிள்ளைகள், காது கேளாத பிள்ளைகள், அவர்களைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார்கள். டாக்டர் ஒருவர்தான். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத முகம். இர்ஃபானாவின் முறை வந்ததும் தலையைத் தூக்காமலே, “தமிழ்ப் புத்தகம் வச்சிருக்கியாம்மா? எடுத்து வாசி” என்றார்.

இர்ஃபானா புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். விரலை வைத்தாள். வாசித்தாள்.

தங்குதடை இல்லாமல் வாசித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு, ஓர் உரைநடைப் பாடத்தை ஆரம்பத்திலிருந்து ஒப்பித்துக்கொண்டே போனாள். டாக்டர் எழுதிக்கொண்டே காதால் கேட்டார். பின்னால் நின்ற இந்துமதிக்குத்தான் பிரித்து வைத்திருந்த பக்கம் தெரிந்தது. அது செய்யுள் பக்கம். நாலு நாலு வரியாகப் பாட்டு அச்சாகியிருந்த இடத்தில் விரல் ஊர்ந்துகொண்டிருந்தது.

“நல்லாத்தான வாசிக்குது? இதுக்கெல்லாம் எதுக்கும்மா இங்க கூட்டிட்டு வர்றீங்க, உண்மையா முடியாத பிள்ளைங்க வெயில்ல நிக்குது” என்றார் டாக்டர்.

“சார், வேற பக்கத்தக் குடுத்துப் பாருங்க” என்றாள் இந்துமதி.

“நீங்க யாரு, அம்மாவா?”

“இல்ல சார், நான்...” கவுன்சிலர் என்ற சொல் அவளுக்கு வாயில் வரவில்லை.

ரஹீமா பீவி குறுக்கே வந்துவிட்டார். “அல்ஹம்துலில்லாஹ். டாக்டரே சொல்லிட்டாக டீச்சர், எம் பிள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு. விடுங்க. ஒரு தடவ ஒங்க பேச்சக் கேட்டுப் பட்டது போதும்.” அவர் கோபமாகச் சொல்லவில்லை.  டாக்டர் குறைபாடு இல்லை என்று எழுதி முத்திரை குத்தினார். அடுத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் உள்ளே வந்துவிட்டாள்.

வெளியே வேப்பமரத்தடியில் ரஹீமா பீவி சவுதிக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். இந்துமதி பெண்ணிடம் போனாள்.

“எப்பம்மா மனப்பாடம் பண்ணுன?”

“முகாம்னு சொன்ன அன்னிலேர்ந்து. போன்ல பாடத்த வாசிச்சு வீடியோ போடுறாங்க மிஸ். கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

“ஏன் இப்படிப் பண்ணுன இர்ஃபானா? எழுதுறதுக்கு ஆள் கெடைச்சிருக்கும்ல?”

இர்ஃபானா புத்தகத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். “போன தடவ வாசிக்க வரலைன்னு ஒங்ககிட்ட சொன்னேன். வெளிய அனுப்பிட்டாங்க. இந்தத் தடவ நல்லா வாசிச்சுட்டேன்ல” என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு இந்துமதியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“திரும்ப அந்த ஸ்கூல்ல என்னையச் சேத்துக்குவாங்கள்ல மிஸ்?”